காட்டோரத்து மாட்டுப் பட்டி நீடிக்குமா? வன்னியில் மதிப்பிடும் முறை

கேள்வி இதுதான். இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் காட்டை ஒட்டிச் சில மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. பாதி பட்டி மாடு, அதாவது பகலில் வெளியில் மேய்ந்து இரவில் கூட்டமாக அடைபடும் நாட்டு மாடு; மீதி கொட்டிலில் கட்டி வளர்க்கும் கலப்பினக் கறவை. காட்டைக் கெடுக்காமலும் வீட்டைக் கடனில் தள்ளாமலும் இவை இன்னும் இருபது வருடம் நடக்குமா என்பதை ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் மதிப்பிட வேண்டும். வெளிநாட்டில் தயாரித்த புள்ளித்தாள் ஒன்று கையில் இருக்கிறது. அதையே நிரப்பலாமா?

நிரப்பலாம், ஆனால் வரும் எண் உங்களை ஏமாற்றும். வெப்பமண்டலக் காட்டு மாட்டுப் பண்ணைகளுக்கான அளவுகோல்களில் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்காவை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அங்கே காட்டை வெட்டிப் புல் விதைத்து வேலி போடுகிறார்கள். பண்ணை என்றால் வேலிக்குள் இருப்பது. ஆகவே ஹெக்டயருக்கு எத்தனை மாடு, வேலிக்குள் எத்தனை மரம் மிச்சம் என்று கேட்டால் பதில் கிடைக்கும். வன்னியில் காடுதான் மேய்ச்சல் நிலம். பட்டிக்காரர் பெயரில் இரண்டு ஏக்கர் இருக்கும், அவருடைய நூறு மாடு வருடம் முழுக்க நடக்கும் நிலம் பல நூறு ஏக்கர். அவர் பெயரிலுள்ள காணியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஐம்பது மாடு என்று வரும். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது பிழை சராசரி. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் சாஃபா (SAFA) என்ற நீடிப்பு மதிப்பீட்டு வழிகாட்டியில் (2014) 4 பரிமாணம், 21 தலைப்பு, 58 உபதலைப்பு, 116 குறிகாட்டி இருக்கின்றன. விரிவானது, நல்லது. ஆனால் ஒரு சங்கம் மூன்று மாதத்தில் செய்து முடிக்கக்கூடியது அல்ல. இதைவிட, பண்ணைகள் நீடிக்குமா என்று அளக்கும் ஐடியா (IDEA) என்ற பிரெஞ்சு முறையின் ஒரு விதியைக் கடன் வாங்குங்கள். அதில் சூழல், சமூகம், பொருளாதாரம் மூன்றுக்கும் தலா 100 புள்ளி. மூன்றையும் கூட்டிப் பிரிப்பதில்லை, எது குறைவோ அதுவே பண்ணையின் புள்ளி. நல்ல பால் வருமானத்தைக் கொண்டு மேய்ச்சல் உரிமை இல்லாததை மறைக்க முடியாது. வன்னிக்கு இந்த விதி கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இங்கே பட்டிகள் சராசரி மாதத்தில் அழிவதில்லை. வருடத்தில் இரண்டு இடுக்கான காலம் இருக்கிறது, அழிவு அங்கேதான் வருகிறது.

முதல் இடுக்கு மாரி. ஐப்பசி விதைப்பிலிருந்து மாசி அரிவு வெட்டு வரை வயலெல்லாம் அடைப்பு. புல் எங்கும் இருக்கிறது, மாட்டுக்கு இடம் இல்லை. பட்டி காட்டுக்குள்ளும் பற்றைக்குள்ளும் மேட்டுத் தரவைக்கும் (புல்வெளிக்கும்) தள்ளப்படுகிறது. இரண்டாவது இடுக்கு ஆடி முதல் புரட்டாசி வரை. அப்போது இடம் எங்கும் இருக்கிறது, சோளகக் காற்றில் (தென்மேற்குக் காற்றில்) காய்ந்த புல்லும் வற்றும் குளமும்தான் மிச்சம். உங்கள் அளவுகள் எல்லாம் இந்த இரண்டு காலத்திலும் எடுக்கப்பட வேண்டும். சித்திரையில், அறுவடையான வயலில் தாள் மேயும்போது போய்ப் பார்த்தால் எந்தப் பட்டியும் செழிப்பாகத்தான் தெரியும்.

பண்ணையின் எல்லையைக் கீறுதல்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று கேள்வி: இரவில் பட்டி எங்கே அடைக்கிறது, பகலில் எங்கே மேய்கிறது, தண்ணீர் எங்கே குடிக்கிறது. இதை உரிமையாளரிடம் கேட்பதைவிட மேய்ப்பவரிடம் கேளுங்கள். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு வேறுபாட்டைக் குறித்தால் இன்னும் நல்லது. பிறகு மாரியில் ஒரு நாள், கோடையில் ஒரு நாள் பட்டியோடு நடந்து, கைத்தொலைபேசியில் தடத்தைப் பதியுங்கள். மாடு வாயால் சொன்ன பாதையில் போவதில்லை.

வழமையான ஓட்டம் இப்படி இருக்கும்: மாரியில் காடும் தரவையும், மாசி பங்குனியில் வயல் தாள், சித்திரைக்குப் பிறகு நீர் இறங்க இறங்கக் குளத்து அலைகரை, அதாவது நீர் வற்றி வெளிப்படும் குளத்து ஓரம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களின் கீழ் சிறுபோகம் (மாரிப் போகத்துக்குப் பின் செய்யும் இரண்டாவது நெற்செய்கை) செய்யும் வருடத்தில் வயல் மறுபடி அடைபட்டு, பட்டி முன்கூட்டியே காட்டுக்குத் திரும்பும். ஆகவே சிறுபோகம் நடந்த ஒரு வருடத்தையும் நடக்காத ஒரு வருடத்தையும் தனித்தனியாகக் கீறுங்கள்.

இந்தப் படத்தின் மேல் நிலத்தின் சொந்தக்காரரை எழுதுங்கள்: அனுமதிப்பத்திரக் காணி, தனியார் வயல், குள ஒதுக்கு (குளத்தைச் சுற்றி ஒதுக்கிய நிலம்), பிரதேச செயலகத்தின் கீழுள்ள அரச காணி, வனத் திணைக்களக் காடு, வனஜீவராசிகள் திணைக்கள நிலம். மடு வீதிச் சரணாலயமும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்களாகின. அதற்கு முன்பு சொன்ன எல்லைக் கதைகளை நம்பிப் புள்ளி போட வேண்டாம், இன்றைய வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஊரார் காலகாலமாக மேய்ச்சல் தரை என்று சொல்லும் நிலம் வரைபடத்தில் ஒதுக்குக் காடாக இருப்பது வன்னியில் சாதாரணம். போர்க்காலத்தில் கைவிட்ட வயலும் குடியிருப்பும் பற்றையாகி, பின்னர் காடென்று கல் நாட்டப்பட்ட இடங்களும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விடயம். மதிப்பீட்டுக்குத் தேவையானது ஒரு எண்: 365 மேய்ச்சல் நாளில் எத்தனை நாள், ஒரு கடிதத்தால் வெளியேற்றக்கூடிய நிலத்தில் கழிகிறது? மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பட்டியை நான் சிவப்பில் எழுதுவேன், மாடு எவ்வளவு கொழுத்திருந்தாலும்.

பட்டியை எண்ணுதல்

விடியற்காலையில், பட்டி திறக்க முன் எண்ணுங்கள். பசு, நாம்பன், ஒன்று முதல் மூன்று வயது இளசுகள், ஒரு வயதுக்குட்பட்ட கன்று என நான்கு வகை போதும். குறிசுட்ட மாடும் காதடையாளம் உள்ள மாடும் எத்தனை என்பதையும் எழுதுங்கள். அடையாளமில்லாத மாடு களவு போனாலும் கட்டாக்காலியென்று பிடிபட்டாலும் திரும்ப வருவது கடினம்.

மாடுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவர 250 கிலோ உயிர்நிறையை ஒரு அலகாக எடுப்பது வழக்கம். நாட்டுப் பசு ஏறத்தாழ 200 கிலோ, ஆகவே 0.8. நாம்பனுக்கு 1.2, இளசுக்கு 0.5, கன்றுக்கு 0.2. ஒரு எடுத்துக்காட்டு: 48 பசு, 2 நாம்பன், 22 இளசு, 28 கன்று. தலைக்கணக்கில் நூறு. அலகில் 38.4, 2.4, 11, 5.6, கூட்டினால் 57.4. உயிர்நிறையில் நாளுக்கு 2.5 வீதம் உலர் தீவனம் என்று கொண்டால் ஒரு அலகுக்கு 6.25 கிலோ, பட்டி முழுவதற்கும் நாளுக்கு 360 கிலோ. இந்த எண்ணைத் தாளின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள், மற்றக் கணக்கெல்லாம் இதில் தொங்கும்.

அதே எண்ணிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. 48 பசுவுக்கு 28 கன்று என்றால் 58 வீதம். நூறு பசுவுக்கு ஐம்பதுக்கும் கீழே கன்று தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது: பசுக்கள் சினைப்படவில்லை, அல்லது கன்றுகள் சாகின்றன. கோடையில் நிறையிழந்த பசு பருவத்துக்கு வராது, ஈற்று இடைவெளி (ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைப்பட்ட காலம்) ஒன்றரை வருடத்தைத் தாண்டிப் போகும். கன்று சாவதற்குக் காரணம் பெரும்பாலும் பாலை முழுக்கக் கறந்துவிடுவது, குடற்புழு, ஈரப் பட்டி. நாளுக்கு ஒன்றரை லீற்றர் தரும் நாட்டுப் பசுவிடம் மேலதிகமாக அரை லீற்றர் எடுத்தால் அது கன்றின் உயிரிலிருந்து எடுத்தது.

கோடை இடுக்கு: தீவனமும் தண்ணீரும்

ஆடி நடுவிலிருந்து முதல் மழை வரை 75 நாள் என்று வையுங்கள். 360 கிலோவை 75ஆல் பெருக்கினால் 27 தொன் உலர் தீவனம். இதில் எவ்வளவு அலைகரையிலிருந்தும் காட்டு இலைகளிலிருந்தும் வரும், எவ்வளவு பற்றாக்குறை என்று பார்க்க வேண்டும். பற்றாக்குறையை முழுவதும் வைக்கோலால் நிரப்பலாம் என்று எழுதும் திட்டங்கள் நிறைய. ஏக்கருக்கு விளையும் வைக்கோலில் அறுவடை இயந்திரம் விட்டுச் சென்றதைக் கட்டி எடுத்தால் ஒரு தொன் கையில் கிடைத்தாலே நல்லது. 20 ஏக்கர் வைக்கோலைப் பட்டிக்காரர் கட்டி, ஏற்றி, மழை படாமல் வைப்பார் என்று நம்புவது சரியல்ல. இயலக்கூடியது வேறு: சினைப்பசு, கறவை, இளைத்த மாடு என இருபதைத் தெரிந்து, நாளுக்கு 3 கிலோ வீதம் 75 நாளுக்கு 4.5 தொன். ஒரு கட்டு 13 கிலோ என்றால் 350 கட்டு. ஒரு கொட்டிலுக்குள் அடங்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, “வைக்கோல் கொடுப்பீர்களா” என்பதல்ல. ஆனி முடிவில் போய், கட்டுகளை எண்ணுங்கள்.

வைக்கோல் மட்டும் கொடுப்பதாலும் பயன் குறைவு. அதில் புரதம் 4 வீதம் அளவுதான், மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் வேலை செய்யவே 7 வீதம் வேண்டும். வைக்கோலை யூரியாக் கரைசலில் பதப்படுத்தினால் நிலைமை மாறும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 80 முதல் 100 லீற்றர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம். எடுத்த பின் சில மணி நேரம் காற்றாட விட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. பிழை வருவது இரண்டு இடத்தில்: யூரியா சரியாகக் கரையாமல் கட்டியாக நின்று மாட்டுக்கு நஞ்சாவது, மூடியில் ஓட்டை விழுந்து பூஞ்சணம் பிடிப்பது. கரைசல் வைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் விட்டும் மாடு செத்திருக்கிறது.

இதைவிட எளிது வேலியில் சீமைக்கிளுவை. இலையில் 20 வீதத்துக்கு மேல் புரதம், கோடையிலும் துளிர்க்கும். தீவனத்தில் நாலில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். மாடு முதலில் மணம் பிடிக்காமல் விலகும், வெட்டி அரை நாள் வாட விட்டால் தின்னும். பட்டிக்காரரின் இரண்டு ஏக்கரைச் சுற்றி எத்தனை மீற்றர் உயிர்வேலி இருக்கிறது என்பது நான் விரும்பும் குறிகாட்டி. செலவில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை, காட்டுக்குள் கத்தியோடு போய் இலை வெட்டுவதைக் குறைக்கிறது.

தண்ணீர்: வெயில் காலத்தில் அலகுக்கு 30 லீற்றர், எடுத்துக்காட்டுப் பட்டிக்கு நாளுக்கு 1,700 லீற்றர். கிணற்றில் அள்ளி ஊற்றும் அளவல்ல, குளம் வேண்டும். ஆடி தொடக்கத்தில் குளத்தில் அளவுக் கம்பு ஒன்று நாட்டுங்கள். சோளகக் காலத்தில் ஆவியாதல் மட்டுமே நாளுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர், 75 நாளில் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். இதற்கு மேல் நிலத்துள் ஊறிப் போவது இருக்கிறது. ஆடியில் முழங்கால் அளவு நீர் மட்டும் நிற்கும் சிறுகுளத்தை நம்பிய பட்டி புரட்டாசியில் சேற்றில் நிற்கும். இளைத்த மாடுகள் சேற்றில் புதைந்து எழும்ப மாட்டாமல் சாவது அந்த நேரத்தில்தான். நீருக்காக ஒரு வழிக்கு நான்கைந்து கிலோமீற்றருக்கு மேல் நடந்தால் பாலும் சதையும் வழியில் கரையும். அதே குளத்துக்கு யானை இரவிலும் மான் அதிகாலையிலும் வரும். மாடு கடைசி நீரைக் கலக்கிவிட்டால் காட்டு விலங்கு வயல் கிணறுகளைத் தேடி ஊருக்குள் வரும், அதன் விலையையும் ஊர்தான் கொடுக்கும்.

மாரி இடுக்கு: காட்டுக்குள் எவ்வளவு புல்?

இதை ஊகிக்க வேண்டாம், வெட்டி நிறுக்கலாம். 50 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றைக் கம்பியால் செய்யுங்கள். பட்டி மேயும் காட்டிலும் தரவையிலும் இருபது இடத்தில், விரும்பிய இடம் பாராமல் நடந்து எண்ணிய அடியில் போடுங்கள். சட்டத்துக்குள் மாடு தின்னக்கூடிய புல்லையும் பூண்டையும் நிலத்தோடு வெட்டி, நிறை மாறாத வரை வெயிலில் காயவைத்து நிறுங்கள். கிராம் எண்ணை 40ஆல் பெருக்கினால் ஹெக்டயருக்கு இத்தனை கிலோ. சராசரி 25 கிராம் என்றால் ஹெக்டயருக்கு 1,000 கிலோ. அடர்ந்த நிழலுக்குள் இதைவிட மிகக் குறையும், தரவையில் கூடும், ஆகவே இரண்டையும் கலக்க வேண்டாம்.

அந்த 1,000 கிலோவும் மாட்டுக்கல்ல. மூன்றில் ஒன்றை எடுங்கள், மீதி மிதிபடுவதற்கும் மண்ணை மூடுவதற்கும் மான் மரைக்கும். 330 கிலோவை 6.25ஆல் பிரித்தால் ஒரு ஹெக்டயர் ஒரு அலகுக்கு 53 நாள். எடுத்துக்காட்டுப் பட்டியின் 57.4 அலகு 90 நாள் நிற்க 98 ஹெக்டயர், அதாவது சுமார் 240 ஏக்கர் வேண்டும். அதே காட்டுக்குள் இன்னும் இரண்டு பட்டி வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் மூன்று பட்டியின் அலகையும் கூட்டித்தான் கணக்கு. ஒவ்வொரு பண்ணையையும் தனியே மதிப்பிட்டு எல்லோருக்கும் பச்சை போட்டுவிட்டு, காட்டுக்குச் சிவப்பு வரும் நிலை இங்கேதான் உண்டாகிறது.

புல்லுக்கு அடுத்து கன்று மரங்கள். பட்டி அடைக்கும் இடத்திலிருந்து காட்டுக்குள் நேராக 50, 200, 500, 1,000 மீற்றரில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 2 மீற்றர் சதுரம் ஐந்து போடுங்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி இவற்றின் கன்றுகளை மூன்று உயரமாக எண்ணுங்கள்: முழங்காலுக்குக் கீழ், முழங்கால் முதல் நெஞ்சளவு, அதற்கு மேல் மணிக்கட்டுப் பருமன் வரை. மாடு எட்டாத ஒரு காட்டுத் துண்டிலும் அதையே செய்யுங்கள், ஒப்பிட ஏதும் இல்லாமல் எண்ணினால் அர்த்தமில்லை. முழங்காலுக்குக் கீழ் நிறையக் கன்று, நடு உயரம் வெறுமை என்றால் முளைப்பது முளைத்து, கடியிலோ மிதியிலோ தீயிலோ அழிகிறது. முதிர்ந்த பாலை மரங்கள் உச்சியில் பசுமையாக நிற்பதால் செய்மதிப் படத்தில் இந்தக் காடு நல்ல காடாகவே தெரியும். பாலை மெதுவாக வளரும் மரம். இன்று நடு உயரத்தில் விழுந்த இடைவெளியை நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் ஊர் உணரும், அப்போது திருத்த இயலாது. இதனால்தான் மதிப்பீட்டின் மற்ற எல்லாப் பகுதியையும்விட இந்தக் கன்று மர எண்ணிக்கையை நான் உயரத்தில் வைக்கிறேன்.

50 மீற்றரில் கன்று மரம் இல்லாதது வழமை, அதற்காகப் பதற வேண்டாம். 500 மீற்றரிலும் அதே நிலை என்றால் பட்டி ஒரே இடத்தில் அதிக காலம் அடைக்கப்படுகிறது. இரவு அடைக்கும் இடத்தைச் சில கிழமைக்கு ஒருமுறை மாற்றுவதே மருந்து. வயலிலும் தோட்டத்திலும் பட்டி அடைத்து எருவாக்கும் பழைய வழக்கம் இருக்கும் ஊரில் இது தானாக நடக்கிறது. வயல்காரர் அதற்குக் காசோ நெல்லோ கொடுப்பதும் உண்டு.

மண்ணைச் சோதிக்க ஒரு தகரக் குழாய் போதும். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, இருபக்கமும் திறந்த தகரத்தை மண்ணில் இறுக்கி, 450 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ ஒரு அங்குல மழை. ஊறி மறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பட்டித் தடத்திலும் மாடு போகாத இடத்திலும் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் தானாகவே கல்லாக இறுகும், ஆகவே கோடையில் இந்தச் சோதனை பொய் சொல்லும். தை மாசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போது செய்யுங்கள்.

தீயையும் பாருங்கள். கோடை முடிவில் முதல் மழைக்கு முன் பழம்புல்லுக்குத் தீ வைத்தால் இளந்துளிர் விரைவில் வரும் என்பது உண்மை. ஆனால் தீ திரும்பத் திரும்ப வந்த இடத்தில் இலுக்குப் புல்தான் மிஞ்சும், அதன் முற்றிய தாளை மாடு தொடாது. கருகிய அடிமரங்களும் இலுக்குப் படர்ந்த வெளியும் ஒரே இடத்தில் தெரிந்தால் தீ ஒருமுறை வந்ததல்ல. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் குறியுங்கள். மாடு விலக்குவதால் மிஞ்சிப் பெருகுபவை அவை. பசியில் பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும்.

நோய், குளிர், விலங்கு

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் இறந்தன. வன்னியில் குளிரால் மாடு சாகும் என்று அதுவரை எந்தப் புள்ளித்தாளும் கேட்டதில்லை. இந்த இடத்தில் இரண்டு இடுக்கும் ஒன்றோடொன்று சேர்கின்றன: புரட்டாசியில் எலும்பும் தோலுமாக முடிந்த மாடு மார்கழியில் வெட்டவெளியில் நனைந்து நிற்கிறது, உடம்பில் எரிக்கக் கொழுப்பு இல்லை. ஆகவே உடல்நிலைப் புள்ளியை (1 எலும்பு, 5 கொழுப்பு) புரட்டாசி முடிவில் எடுங்கள். பசுக்களில் மூன்றில் ஒரு பங்கு 2க்குக் கீழ் என்றால் அந்த மாரியில் இழப்பு வரும். மாரிப் பட்டிக்குக் காற்று மறைப்பும் நீர் தேங்காத மேடும் உண்டா என்றும் பாருங்கள். கூரை எல்லா மாட்டுக்கும் வேண்டியதில்லை, கன்றுக்கும் ஈன்ற பசுவுக்கும் வேண்டும்.

2020இல் தோல் கழலை நோய் இலங்கைக்குள் முதலில் வடக்கில்தான் தெரிந்தது, 2023இலும் பரவியது. கால்-வாய் நோய் (காலிலும் வாயிலும் வருவது), தொண்டை அடைப்பான், கருச்சிதைவு நோய் பழையவை. தடுப்பூசி அட்டையைப் பார்த்துத் தேதி எழுதுங்கள், “போட்டது” என்ற வாய்ச்சொல்லுக்குப் புள்ளி இல்லை. பட்டி மாட்டை மடக்கிப் பிடிக்க மரக்கூண்டு இல்லாத இடத்தில் பாதி மாட்டுக்குத்தான் ஊசி ஏறியிருக்கும். சிறுத்தை, முதலை, நரி கன்று பிடிப்பது இருக்கும். கேட்க வேண்டியது, கடித்த கன்றில் நஞ்சு வைக்கும் பழக்கம் உண்டா என்பது. உண்டென்றால் மற்றப் புள்ளிகள் எப்படி இருந்தாலும் அந்தப் பண்ணை தேறாது.

காசுக் கணக்கு

முதலில் தலைக்கணக்கு: வருடத் தொடக்கம், பிறப்பு, வாங்கியது, விற்றது, இறந்தது, காணாமல் போனது, வருட முடிவு. 100இல் தொடங்கி 30 பிறந்து, 12 இறந்து, 4 களவு போய், 12 விற்று 102இல் முடிந்தால் பட்டி தன்னைத் தானே தாங்குகிறது. அதே வருடம் 25 விற்றிருந்தால் வருமானம் இரட்டிப்பாகத் தெரியும், உண்மையில் முதலைத் தின்கிறார்கள். பிள்ளையின் கலியாணத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ ஒரு வருடம் அப்படி நடப்பது தவறில்லை, அதற்குத்தான் மாடு. மூன்று வருடம் தொடர்ந்தால் பட்டி முடிகிறது. எதிர்த்திசையிலும் பாருங்கள்: விற்காமல் பெருகும் பட்டி உரிமையாளருக்குச் செல்வமாகத் தெரிந்தாலும் மேலே சொன்ன 240 ஏக்கர் கணக்கை உடைக்கிறது.

பிறகு செலவு. மேய்ப்பவரின் கூலி, குடும்பத்தார் உழைப்புக்கு ஊரில் கொடுக்கும் நாட்கூலி, மருந்து, வயல் அழிவுக்குக் கட்டிய தெண்டம், ஏ9 வீதியிலும் ரயில் பாதையிலும் அடிபட்ட மாடு. கடைசி இரண்டையும் விபத்து என்று விடாமல் வருடாந்தச் செலவாக எழுதுங்கள், ஏனென்றால் வருடாந்தம் வருகிறது. மேய்ப்பவரின் வயதையும் எழுதுங்கள். அறுபதைத் தாண்டியவர், அவருக்குப் பின் ஆள் இல்லை என்றால், பட்டியின் ஆயுள் அவருடைய காலின் ஆயுள். பால் கறந்து எத்தனை மணி நேரத்தில் குளிரூட்டும் நிலையத்துக்குப் போகிறது என்பதும் வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் புளித்துத் திரும்பும், அந்த வீடு பாலை நம்பாமல் மாடு விற்பதை நம்பும்.

கொட்டில் பண்ணைகளுக்கு இதே தாள் பொருந்தாது. ஜேர்சிக் கலப்பு நான்கைந்து வைத்திருப்பவர் காட்டைத் தொடுவதில்லை என்பது நல்ல புள்ளி, ஆனால் அவருடைய பலவீனம் கடையில் இருக்கிறது. வாங்கும் தீவனச் செலவைப் பால் வருமானத்தால் பிரியுங்கள். பாதியைத் தாண்டினால் விலை ஒருமுறை ஏறும்போது பண்ணை விழும், 2022இல் அது கண்கூடாக நடந்தது. கோ-3 என்ற தீவனப் புல் எவ்வளவு, அதற்குக் கோடையில் நீர் எங்கிருந்து என்று பாருங்கள். இடைவிடாது நீர் பாய்ச்சிய ஒரு ஏக்கர் நான்கைந்து கறவைக்குப் போதும், நீர் நின்றால் 45 நாளில் வர வேண்டிய வெட்டு வராது. உண்ணிக் காய்ச்சலும் வெப்பமும் முழு ஜேர்சியை வன்னியில் நிற்க விடுவதில்லை. வெப்பம் தாங்கும் சாகிவால் இனம் கலந்தது பால் சற்றுக் குறைந்தாலும் தாங்கும். சாணம் குள ஒதுக்குப் பக்கம் வழிந்து ஓடினால் புள்ளி குறைக்க வேண்டும்.

மீதேன் பற்றிச் சுருக்கமாக: ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவின் (ஐபிசிசி) 2006 வழிகாட்டி துணைக்கண்டத்தின் கறவை அல்லாத மாட்டுக்கு வருடம் 27 கிலோ என்கிறது. நாட்டுப் பசுவின் ஒரு லீற்றர் பாலுக்குப் பங்கிட்டால் எண் மோசமாக வரும், ஏனென்றால் பால் குறைவு. ஈற்று இடைவெளியைச் சுருக்கிக் கன்றுச் சாவைக் குறைத்தால் அதுவும் குறையும். தனியே ஒரு திட்டம் தேவையில்லை.

புள்ளியும் அதற்குப் பிறகும்

ஐந்து பிரிவுக்குத் தலா 10: கோடைத் தீவனமும் நீரும், மாரிக் காடு, பட்டியின் உடல்நலம், காசு, நில உரிமையும் அயலாரும். 6, 5, 7, 7, 2 என வந்தால் சராசரி 5.4, பார்ப்பவர் நடுத்தரம் என்பார். நீங்கள் 2 என்று எழுதுங்கள், எந்தப் பிரிவில் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த 2ஐ உயர்த்தும் வேலைக்குத்தான் முதல் காசு. நில உரிமை 2ஆக உள்ள பட்டிக்குக் கலப்பினக் காளை கொடுப்பது வீண். அதற்கு வேண்டியது கமக்காரர் அமைப்பு, கிராம அலுவலர், வனத் திணைக்களம், கால்நடை வைத்தியர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, மாரி மூன்று மாதத்துக்குப் பட்டி எங்கே நிற்கலாம், எத்தனை அலகு வரை, எந்த வழியாகப் போய் வரலாம் என்று எழுத்தில் போடும் ஒப்பந்தம். அந்தக் கூட்டத்துக்கு 240 ஏக்கர் கணக்கையும் கன்று மர எண்ணிக்கையையும் கொண்டு போங்கள். காடு அழிகிறது, மாடு சாகிறது என்ற இரண்டு சத்தங்களுக்கு நடுவில் பேசக்கூடியது நிறுத்து எடுத்த எண்தான்.

திரும்ப அளப்பதற்கு: தலைக்கணக்கு வருடத்துக்கு இருமுறை, உடல்நிலைப் புள்ளி புரட்டாசியில், வைக்கோல் கட்டு ஆனியில், புல் வெட்டி நிறுப்பது மார்கழியில், தகரக் குழாய் மாசியில், கன்று மரம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே சதுரங்களில். சதுரத்தின் மூலைக்கு இரும்புக் கம்பி அடித்து, தொலைபேசியில் இடக்குறிப்பு எடுத்து வையுங்கள். மரக்குற்றி நட்டால் கறையான் தின்றுவிடும்.